கீழே விழுந்தது கொஞ்சம், உள்ளே குறைந்தது நிறைய: உயர்த்திய பிராடோ ஒன்றின் கியர் ஒயில் கசிவு

வாகனம் 90 வரிசை ரொயோட்டா பிராடோ. 3 லீற்றர் டீசல் ரேர்போ எஞ்சின், நான்கு வேக ஓட்டோ கியர், எப்போதும் நான்கு சில்லும் இழுக்கும் அமைப்பு. 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியாருக்கு 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் திறந்தது. அதனால் 25 வயதைத் தொடும் பிராடோவை யாழ்ப்பாணத்தில் யாரும் இலேசில் கைவிடுவதில்லை. திருத்தித் திருத்தி ஓடுகிறோம்.

உரிமையாளர் வடமராட்சிக்காரர், மீன் வியாபாரம். மணற்காட்டிலிருந்து செம்பியன்பற்று, கட்டைக்காடு வரை கடற்கரை மணலில் வலையும் ஐஸ் பெட்டியும் ஏற்றி இறக்குகிற வேலை. அதற்காகவே வாகனத்தை உயர்த்தியிருந்தார். 2 அங்குலம் உயர்ந்த சுருள் வில், அதன்மேல் 1 அங்குல ஸ்பேசர், ஆக மொத்தம் 75 மி.மீ. அளவு. ரயரும் ஒரு சுற்றுப் பெரிது. மாரியில் வெள்ளத்துக்குள்ளும் போகவேண்டி வருவதால், உயர்த்திய இடத்திலேயே கியர் பொக்ஸின் மூச்சுக் குழாயை நீட்டி எஞ்சின் அறைக்குள் மேலே கொண்டுவந்து கட்டியிருந்தார்கள்.

முறைப்பாடு இதுதான்: "தம்பி, பான் கேஸ்கற் ரெண்டு தரம் மாத்தியாச்சு. இன்னும் வடியுது. இப்ப காலமையில டி போட்டா வாகனம் யோசிச்சுத்தான் வெளிக்கிடுது."

பான் என்பது கியர் பொக்ஸின் அடியில் இருக்கும் ஒயில் தட்டு. டி போட்டதும் இழுக்கப் பிந்துவது ஒயில் குறைவின் அடையாளம். ஓட்டோ கியருக்குள் கிளச் தட்டுகளை அழுத்துவதும், எஞ்சினையும் கியரையும் இணைக்கும் ரோர்க் கன்வேர்ட்டரில் விசையைக் கடத்துவதும், சூட்டை வெளியே கொண்டுபோவதும் ஒரே ஒயில்தான். அது குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும், அழுத்தம் விழும், தட்டுகள் வழுக்கும். ஆகவே கசிவு வாசலை அசிங்கப்படுத்துகிறது என்பதற்கும் மேலான பிரச்சினை இது.

சிவப்பாய் இருப்பதெல்லாம் கியர் ஒயில் ஆகாது

இந்த வாகனத்தின் அடியில் சிவப்பாய் ஒரு சொட்டு விழுந்தால் சந்தேகிக்க மூன்று இடம் உண்டு. ஓட்டோ கியருக்கான ஒயிலான ஏ.ரி.எஃப் சிவப்பு. பவர் ஸ்ரியரிங்கிலும் அதே வகை ஒயில்தான் விடுவது, அதுவும் சிவப்பு. ரொயோட்டாவின் கூலன்ற் ஒன்றும் சிவப்பு. கூலன்றைக் கண்டுபிடிப்பது இலேசு: சொட்டைத் தண்ணீரில் விட்டால் கரைந்துவிடும், ஒயில் மிதக்கும். பவர் ஸ்ரியரிங் ஒயில் முன்பக்கம், ராக் அல்லது பம்ப் அருகே ஈரம் காட்டும். இங்கே முன்பக்கம் காய்ந்து தூசி படிந்து கிடந்தது. அந்த இரண்டையும் தள்ளிவிடலாம்.

கராஜ் கிடங்கில், வாகனத்தின் அடியைப் பார்க்கும் குழியில், இறங்கிப் பார்த்தபோது பான் ஓரம் முழுக்கச் சாம்பல் நிறச் சிலிக்கோன் பிதுங்கி நின்றது. முன்பு வேலை செய்த இடத்தில் கேஸ்கற்றோடு சிலிக்கோனும் அப்பி, போல்றுகளைப் பலம்கொண்ட மட்டும் இறுக்கியிருந்தார்கள். இந்தப் பான் போல்றுகளுக்கு வேண்டியது 7 நியூட்டன் மீட்டர் அளவு இறுக்கம்தான். சின்ன ராட்செற்றை மணிக்கட்டால் திருப்பினாலே வந்துவிடும். அதற்கு மேல் போனால் போல்ற் துளையைச் சுற்றித் தகரம் உள்வாங்கி, இரண்டு போல்றுக்கு இடையில் வாய் திறக்கும். பிதுங்கிய சிலிக்கோன் உள்ளேயும் அதே அளவு பிதுங்கியிருக்கும் என்பதை மறக்கக்கூடாது. அது உடைந்து, ஒயிலை வடிகட்டும் வடியின் வலையில் போய் ஒட்டும்.

இதைப் பார்த்ததும் பான்தான் குற்றவாளி என்று முடிவு கட்டுவது இலேசு. ஆனால் இரண்டு விஷயம் இடித்தது.

ஒன்று, மணம். அடியில் கிடந்த ஒயில் சிவப்புக் கலந்த மண்ணிறம். விரலில் தொட்டு மணந்தால் கந்தகம் அடித்தது. ஏ.ரி.எஃப்பில் அந்த மணம் வராது. அது பற்சக்கர ஒயிலின் மணம், அதாவது இழுவையை முன், பின் சில்லுகளுக்குப் பிரிக்கும் ரான்ஸ்ஃபர் கேஸிலும், அச்சின் நடுவில் இருக்கும் டிஃப்பிலும் விடுகிற தடித்த ஒயிலுடையது.

இரண்டு, கணக்கு. உரிமையாளர் மாதத்துக்கு ஒரு லீற்றருக்கு மேல் ஏ.ரி.எஃப் ஊற்றிக்கொண்டிருந்தார். இரவு அடியில் விரித்த காட்போட் மட்டையில் விழுந்ததோ ஒரு மேசைக் கரண்டி அளவு. மேசைக் கரண்டி 15 மில்லி லீற்றர் என்று வைத்தால், 30 இரவுக்கு அரை லீற்றர்கூடத் தேறாது. ஓடும்போது கூடுதலாக வடியலாம்தான். அப்படியானால் கியர் பொக்ஸுக்குப் பின்னால் உள்ள குறுக்குச் சட்டம், சைலன்சர், பின் தரை எல்லாம் ஒயிலில் குளித்திருக்க வேண்டும். அப்படி இல்லை. உள்ளே குறைந்ததற்கும் வெளியே கண்டதற்கும் கணக்கு ஒத்துவரவில்லை.

என் அபிப்பிராயத்தில், கசிவு வேலையில் முதலில் எடுக்கவேண்டிய கருவி சாவிக்கொத்து இல்லை, அளவுக் குவளை. எவ்வளவு ஊற்றினார், எவ்வளவு விழுந்தது என்று கேட்காமல் கேஸ்கற் வாங்கப் போவதால்தான் ஒரே கேஸ்கற் இரண்டு தரம் மாறுகிறது.

ஒயில் போகக்கூடிய வேறு வழிகள்

தரையில் விழாமல் ஏ.ரி.எஃப் காணாமல் போக இந்த வாகனத்தில் இரண்டு வழிதான். கியர் ஒயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேற்றரின் அடித்தொட்டிக்குள்ளால் போகிறது. அதற்குள் ஓட்டை விழுந்தால் ஒயில் கூலன்றோடு கலக்கும். ரேடியேற்றர் மூடியைத் திறந்தால் இளஞ்சிவப்புப் பால் மாதிரி ஆடை தெரியும். கியர் ஒயில் மட்டம் பார்க்கும் டிப் ஸ்ரிக்கிலும் அதே பால். எஞ்சின் ஆறியபின் திறந்து பார்த்தோம். கூலன்ற் தெளிவு. டிப் ஸ்ரிக்கில் ஒயில் மட்டம் குறைவு, நிறம் கொஞ்சம் கறுத்த சிவப்பு, கந்தக மணம் இல்லை. இந்தக் கடைசி விவரம் பின்னால் உதவியது.

மற்ற வழி ரான்ஸ்ஃபர் கேஸ். கியர் பொக்ஸின் பின்முனையில் நேரே பொருத்தப்பட்டிருக்கும் பெட்டி அது. இரண்டுக்கும் வேறு வேறு ஒயில். இரண்டையும் பிரித்து நிற்பது, நடுவே ஓடும் தண்டைச் சுற்றியுள்ள ஒரு ஒயில் சீல் மட்டும். வெளியிலிருந்து அது கண்ணுக்குத் தெரியாது. அது விட்டுக்கொடுத்தாலும் தரையில் ஒரு சொட்டும் விழாது.

ரான்ஸ்ஃபர் கேஸின் நிரப்பும் போல்றைத் தளர்த்தினோம். சரியான மட்டம் என்றால் ஒயில் அந்தத் துளையின் கீழ்விளிம்பைத் தொட்டு நிற்கும், போல்றைக் கழற்றினால் ஒரு சின்னக் கசிவோடு நின்றுவிடும். இங்கே போல்ற் முழுவதும் கழலு முன்பே பாய்ந்தது. முழுவதையும் வடித்து அளந்தபோது 2 லீற்றர் தாண்டியது. அந்தப் பெட்டி கேட்பது ஒன்றரை லீற்றருக்குள். நிறம் சிவப்பு மண், தொட்டால் தண்ணீர் மாதிரி மெல்லிசு.

பூசை முடிந்தது என்று சிலர் இங்கேயே பெட்டியைக் கழற்றத் தொடங்குவார்கள். நான் ஒரு படி கூட வைத்தேன். ரான்ஸ்ஃபருக்குள் புது ஒயில் விட்டு, மட்டத்தைத் துளை விளிம்பில் நிறுத்தி, ஏ.ரி.எஃப்பையும் சரியான அளவுக்குக் கொண்டுவந்து, வாகனத்தை அவருடைய வழமையான வேலைக்கே அனுப்பினேன். புதுப் பற்சக்கர ஒயில் தேன் நிறம். ஏ.ரி.எஃப் சிவப்பு. கசிவு தேடும் ஊதா ரோச்சும் சாயமும் வாங்கவேண்டிய தேவையே இல்லை, கொம்பனி போட்ட நிறமே சாயம். பான் ஓரத்தையும், ரான்ஸ்ஃபரின் பின்முனையில் தண்டு பூட்டும் இடத்தில் இருக்கும் பின் சீலையும் கழுவிக் காயவைத்து, குழந்தைப் பவுடர் தூவிவிட்டேன்.

திரும்பி வந்தபோது பான் ஓரத்துப் பவுடர் வெள்ளையாக அப்படியே இருந்தது. அசிங்கமாகச் சிலிக்கோன் அப்பியிருந்தாலும் பான் கசியவில்லை. ரான்ஸ்ஃபரின் பின் சீலுக்குக் கீழே பவுடர் நனைந்து கோடு இறங்கியிருந்தது. நிரப்பும் போல்றைத் தளர்த்த மீண்டும் ஒயில் வழிந்தது, தேன் நிறம் போய்ச் சிவப்போடியிருந்தது.

அப்போ பாதை தெளிவு. ஏ.ரி.எஃப் உள் சீலைக் கடந்து ரான்ஸ்ஃபருக்குள் போகிறது. அங்கே மட்டம் ஏறி, பின் சீல் ஒயிலில் மூழ்கிச் சுற்றுகிறது. மெலிந்துபோன கலவை அதன் உதட்டுக்குள்ளால் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. அவர் கண்ட சொட்டு அந்தப் பயணத்தின் கடைசித் தரிப்பிடம். அவருடைய வீட்டுப் போட்டிக்கோ சரிவானது, வாகனம் மூக்கை உயர்த்தி நிற்கும். இரவில்தான் கூட வடிகிறது என்று அவர் சொன்னதன் காரணமும் அதுதான்.

சீல் ஏன் விட்டது

வயது என்று சொல்லி முடிக்கலாம். இரப்பர் இறுகும், அது உண்மை. ஆனால் ஒயில் ஒரே பக்கமாகத்தான் போயிருக்கிறது. வெறும் தேய்ந்த சீல் என்றால் ரான்ஸ்ஃபர் ஒயிலும் கொஞ்சம் கியர் பொக்ஸுக்குள் வந்து, டிப் ஸ்ரிக்கில் கந்தகம் அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. கியர் பொக்ஸ் பக்கம் ஏதோ தள்ளுகிறது.

தள்ளக்கூடியது காற்று. கியர் பொக்ஸுக்குள் ஒயிலுக்கு மேல் காற்று நிற்கிறது. சூடாகும்போது அது விரியும், மூச்சுக் குழாயால் வெளியே போகும். ஆறும்போது திரும்ப உள்ளே வரும். குழாய் அடைபட்டால்? 30 பாகை செல்சியஸில் இருந்து 110 பாகைக்குச் சூடேறினால், மூடிய பெட்டிக்குள் காற்றின் அழுத்தம் கால் பங்குக்கு மேல் கூடும். அதே நேரம் ஒயிலும் நூற்றுக்கு ஐந்தாறு பங்கு விரிந்து காற்றின் இடத்தை நெருக்கும். தண்டைச் சுற்றி நிற்கும் சாதாரண உதட்டுச் சீல், தெறிக்கும் ஒயிலை மறிக்கச் செய்தது. அழுத்தத்தைப் பிடித்து நிறுத்தச் செய்ததல்ல. எங்கே எதிர்ப்புக் குறைவோ அங்கே விடும். இங்கே அந்த இடம் உள் சீல், ஏனென்றால் மறுபக்கம் ரான்ஸ்ஃபருக்குத் தனி மூச்சுக் குழாய் இருந்தது, அது திறந்துதான் இருந்தது.

மணலில் ஓடுகிறவருக்கு 110 பாகை பெரிய விஷயம் இல்லை. ஏ9இல் நாவற்குழி தாண்டிச் சாவகச்சேரி, கொடிகாமம் என்று ஒரே சீராகப் போகும்போது ரோர்க் கன்வேர்ட்டர் பூட்டிக்கொள்ளும், சூடு குறைவு. மணற்காட்டு மணலில் மெல்ல, பாரத்தோடு, பெரிய ரயரோடு போகும்போது கன்வேர்ட்டர் பூட்டாமல் வழுக்கிக்கொண்டே இழுக்கும். எஞ்சின் கொடுக்கும் பலத்தில் ஒரு பங்கு ஒயிலைச் சூடாக்குவதிலேயே போய்விடும். வேகம் இல்லாததால் ரேடியேற்றருக்குக் காற்றும் போதாது.

நீட்டிய மூச்சுக் குழாயைத் தேடிப் பிடித்தேன். நல்ல நோக்கத்தோடு செய்த வேலைதான். சூடான கியர் பொக்ஸ் திடீரென்று வெள்ளத்தில் இறங்கினால் உள்ளே காற்றுச் சுருங்கி, குழாய் வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும். அதைத் தடுக்கக் குழாயின் வாய் உயரத்தில் இருக்கவேண்டும். ஆனால் வாயில் ஒரு மூடியும் போடாமல் அப்படியே விட்டிருந்தார்கள். வாகனம் நின்ற நாட்களில் மண் குளவி அதற்குள் கூடு கட்டிவிட்டது. வாயை வைத்து ஊதினேன், காற்று போகவில்லை. மெல்லிய கம்பியால் குத்த, இறுகிய களிமண் உருண்டையாக விழுந்தது.

நம் ஊரில் பழகிய ஒருவருக்கு இது புதினமில்லை. தண்ணீர் மோட்டர்க் குழாய், கதவுச் சாவித் துவாரம், பாவிக்காத ஹோஸ் எதையும் குளவி விட்டுவைப்பதில்லை. பென்சில் தடிப்புத் துளை என்றால் அதற்கு வீடு.

கோணம் என்ற இரண்டாவது கதை

உள் சீலுக்குக் காரணம் கிடைத்தது. பின் சீலைப் பார்க்கவேண்டும். அதற்குள்ளால் வரும் ஃபிளாஞ்சை, அதாவது தண்டைப் பூட்டும் இரும்புத் தட்டை, கழற்றியபோது, சீல் உதடு உரசும் இடத்தில் நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு ஒரு பள்ளம். மூழ்கிச் சுற்றியதால் மட்டும் இவ்வளவு தேயாது.

உரிமையாளர் கேட்டபோதுதான் சொன்னார்: 60, 70இல் போகும்போது தரையில் ஒரு 'ம்ம்ம்' என்ற அதிர்வு உண்டு. பெரிய ரயரின் சத்தம் என்று விட்டிருந்தார். ரான்ஸ்ஃபரிலிருந்து பின் அச்சுக்குப் போகும் தண்டுதான் புரொப்பல்லர் ஷாஃப்ற். ஒரு மீட்டர் நீளத் தண்டின் ஒரு முனையை 75 மி.மீ. உயர்த்தினால் கோணம் 4 பாகைக்குச் சற்று மேல் கூடும். கோணம் கூடுவது மட்டும் என்றால் தண்டின் இரு முனையிலும் மடங்கும் யூ ஜொயின்ற்றுகள் ஓரளவு சமாளிக்கும். முன் ஜொயின்ற் உண்டாக்கும் வேக ஏற்ற இறக்கத்தைப் பின் ஜொயின்ற் எதிர்ப்பக்கமாகத் திருப்பிச் சரிசெய்துவிடும், இரண்டு முனையும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இருந்தால்.

இந்த வாகனத்தில் அந்தச் சமாந்தரம்தான் உடைந்திருந்தது. பின் அச்சைப் பிடிக்கும் மேல் கைகள் குட்டை, கீழ்க் கைகள் நீளம். உடம்பை உயர்த்தினால் குட்டைக் கை அச்சின் மேற்பகுதியைக் கூடுதலாக முன்னுக்கு இழுக்கும், பினியனின், அதாவது அச்சில் தண்டு வந்து பூட்டும் பற்சக்கரத்தின், மூக்குக் கீழே சாயும். கோணமானியை வைத்துப் பார்த்தபோது ரான்ஸ்ஃபர் ஃபிளாஞ்சுக்கும் பினியன் ஃபிளாஞ்சுக்கும் இடையில் 2 பாகை வித்தியாசம். மணிக்கு 70 கி.மீ. வேகத்தில் இந்தத் தண்டு நொடிக்கு 30 தடவைக்கு மேல் சுற்றும். சரிசெய்யப்படாத ஜொயின்ற் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு தரம் உதறும். அந்த உதறல் முழுக்க விழுவது ரான்ஸ்ஃபரின் பின் பெயரிங்கிலும் சீலிலும்.

போதாததற்கு, தண்டின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வழுக்குப் பகுதி காய்ந்து கிடந்தது. உயர்த்தியதால் அது வழமையைவிட வெளியே இழுபட்டு நின்றது; கடற்கரை உப்பும் மணலும் அந்த வெளித்தெரிந்த பகுதியில் துருவாகப் பிடித்திருந்தன. அது தடையில்லாமல் வழுக்காவிட்டால், சில்லு குழியில் விழுந்து எழும் ஒவ்வொரு தரமும் தண்டு ரான்ஸ்ஃபரை முன்னும் பின்னும் இடிக்கும்.

செய்த வேலை

ரான்ஸ்ஃபர் கேஸை இறக்கியே ஆகவேண்டும். இரண்டு ஒயிலையும் வடித்து, இரண்டு புரொப்பல்லர் ஷாஃப்ற்றையும் கழற்றுமுன் ஃபிளாஞ்சுகளில் பெயின்ற் அடையாளம் போட்டு, கியர் பொக்ஸை ஜாக்கியில் தாங்கி, குறுக்குச் சட்டத்தை எடுத்தோம். உள் சீலின் உதடு கண்ணாடி மாதிரி இறுகி, ஒரு பக்கம் மடிந்திருந்தது. தண்டின் மேற்பரப்பு நல்ல காலம், வழவழப்பாகவே இருந்தது. சீல்கள் கொழும்பு பஞ்சிகாவத்தையில் எடுத்து இரவு பஸ்ஸில் வந்தன. பழைய பெட்டிகளில் இருந்து கழற்றிய சீலும் அங்கே மலிவாகக் கிடைக்கும். பெட்டி இறக்குகிற கூலியை நினைத்தால் அதை வாங்க மனம் வராது.

பின் ஃபிளாஞ்சைப் புதிதாக வாங்கவில்லை. பள்ளத்தின் மேல் மெல்லிய எஃகு உறை ஒன்றைத் தட்டி ஏற்றி, புதுச் சீலைப் போட்டோம். பானையும் கழற்றினோம், சிலிக்கோன் வால்கள் வடியில் தொங்கின. வடியை மாற்றி, உள்வாங்கிய துளைகளைக் கட்டையின் மேல் வைத்துத் தட்டி நேராக்கி, வெறும் கேஸ்கற்றோடு அளவாக இறுக்கினோம். மூச்சுக் குழாயின் வாயில் இப்போது சிறு வலை வைத்த மூடி, கீழ்நோக்கித் திருப்பி.

கோணத்துக்கு இரண்டு வழி வைத்தேன். நீளம் மாற்றக்கூடிய மேல் கைகள் போட்டால் உயரம் அப்படியே இருக்கும், பினியனை நிமிர்த்திவிடலாம், ஆனால் காசு. அல்லது பின் ஸ்பேசரைக் கழற்றி 2 அங்குலத்தோடு நிற்பது. உயரம் குறைந்தால் மணலில் அடி தட்டுமோ என்று அவர் தயங்கினார். மணலில் வாகனத்தைக் காப்பாற்றுவது ரயர்க் காற்றைக் குறைப்பதும் வேகம் விடாமல் போவதும்தான், ஒரு அங்குலம் இல்லை என்பது என் எண்ணம். கடைசியில் காசுக் கணக்கு அவரைச் சம்மதிக்க வைத்தது. ஸ்பேசரைக் கழற்றி அளந்தபோது வித்தியாசம் 1 பாகைக்குள் வந்தது. வழுக்குப் பகுதியைக் கழற்றித் துரு துடைத்துக் கிறீஸ் ஏற்றினோம்.

ஏ.ரி.எஃப் வடித்தால் ஏறத்தாழ 2 லீற்றர்தான் வெளியே வரும், மிச்சம் கன்வேர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கும். ஆகவே வடித்ததை அளந்து அதே அளவு விட்டு, வாகனத்தை ஓடிச் சூடாக்கி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க பிறேக்கில் காலை வைத்து எல்லாக் கியருக்கும் ஒரு தரம் போய்வந்து, பி-யில் நிறுத்தித்தான் டிப் ஸ்ரிக்கைப் பார்த்தோம். எஞ்சினை நிறுத்திப் பார்த்தால் கன்வேர்ட்டரில் உள்ள ஒயில் பானுக்கு இறங்கி, மட்டம் பொய்யாகக் கூடக் காட்டும். முன்பு அவர் அப்படித்தான் பார்த்துவந்தார், அதனால் உண்மையில் குறைந்ததைவிடக் குறைவாகவே ஊற்றியிருக்கிறார்.

பிறகு ஆனையிறவு வரை ஓடிப் பார்த்ததில் அந்த அதிர்வு இல்லை. அவர் மணற்காட்டு வேலைக்குத் திரும்பி, ஒரு மாதம் கழித்து வந்தபோது ரான்ஸ்ஃபர் நிரப்பும் போல்றைக் கழற்றினேன். மட்டம் விளிம்பில், நிறம் தேன். டிப் ஸ்ரிக் விட்ட இடத்திலேயே. போட்டிக்கோவில் விரித்த மட்டையும் காய்ந்திருக்கிறது என்றார்.

ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. பின் அச்சின் மூச்சுக் குழாய் உடம்பில் கட்டியது. உயர்த்தியபோது அதை நீட்டாமல் விட்டதால் விறைத்து நின்றது, ஸ்பேசர் கழன்ற பிறகும் ஒரு சில்லு பள்ளத்தில் தொங்கினால் இழுபடும். அது கழன்றால் அடுத்த மாரியில் பின் டிஃப் தண்ணீர் குடிக்கும். நீளமான ஹோஸும் வலை மூடியும் வாங்கி வைத்திருக்கிறேன், அடுத்த சேர்விஸுக்கு வரும்போது போடுவதாகப் பேச்சு.